சாயம் போன நைட்டி

செங்குடியில் ஒரு பெண் காலையில் ஜாக்கெட்டின் மூன்றாவது கொக்கியை மாட்டுவதற்குள் அவளுடைய மார்பகப் படம் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அடுப்பில் பால்கூடப் பொங்கியிருக்காது. அதுதான் ஏற்பாடு.

செங்குடி செவ்வாய்க் கோளில், கண்ணாடிக் கவிகைக்குள் இருக்கும் ஊர். விண்கதிர்களைக் கவிகை முழுவதும் தடுப்பதில்லை. அதனால் புற்றுநோய் பூமியைவிட அங்கே அதிகம். மார்பகப் படிமத் துறையின் துணைத்தலைவி டாக்டர் பூங்கோதை அதற்காகவே எதிரொலி ஜாக்கெட்டை உருவாக்கினாள். பட்டுக்குள் ஓடும் ஒலியிழைகள் காதுக்கு எட்டாத ஒலியை அனுப்பும். அது உள்ளே பட்டுத் திரும்புவதைக் கேட்டு, இருட்டில் வௌவால் சுவரை அறிவதுபோல, உள்ளிருப்பதை வரைந்துவிடும். இடையில் காற்று புகுந்தால் ஒலி வழியிலேயே திரும்பிவிடும் அல்லவா? எனவே உட்துணி உடற்சூட்டில் இளகித் தோலோடு படிந்துகொள்ளும். மார்பை நசுக்கும் தகடு இல்லை, வலி இல்லை. நேற்றைய படத்தையும் இன்றைய படத்தையும் ஒப்பிட்டு, எள்ளளவு மாற்றத்தையும் 'வாசிப்பான்' என்ற இயந்திரம் சொல்லிவிடும்.

ஜாக்கெட்டை வீடுவீடாகக் கொடுத்த நாளில் ஊர் முழுவதிலிருந்தும் படங்கள் வந்து குவிந்தன. மறுநாளே வரத்து நின்றுவிட்டது. காலியாக இருந்த தலைவர் நாற்காலியைப் பூங்கோதைக்குத் தருவதாக இருந்த நிர்வாகக் குழு, காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டு வரட்டும் என்றது. நாற்காலியைவிட அவளை உறுத்தியது வேறு. படம் வராத ஏதோ ஒரு வீட்டில் ஒரு கட்டி நிம்மதியாக வளர்ந்துகொண்டிருக்கும்.

இழைகளைச் சோதித்தாள். பழுதில்லை. பிறகு ஒன்றைக் கவனித்தாள். முகூர்த்த நாட்களில் மட்டும் கல்யாண மண்டபத்திலிருந்து படங்கள் கொட்டின. செவிலி ரெஜினாவைக் கூட்டிக்கொண்டு, பக்கத்துத் தெரு லோகநாயகியின் வீட்டுக்குப் போனாள்.

லோகநாயகி பீரோவைத் திறந்து, பழைய வேட்டியில் சுற்றி அந்துருண்டை போட்டு வைத்திருந்த ஜாக்கெட்டைப் பெருமையோடு எடுத்துக் காட்டினாள்.

"இவ்ளோ நல்ல பட்ட யாராவது தினமும் போட்டுக் கசக்குவாங்களா டாக்டரம்மா? எம் பொண்ணு வளைகாப்புக்குன்னு வச்சிருக்கேன்."

"கட்டி வளைகாப்பு வரைக்கும் காத்திருக்காதுக்கா," என்றாள் ரெஜினா.

லோகநாயகி மனமில்லாமல் போட்டுக்கொண்டாள். முதல் நாள் படத்தில் இல்லாத புள்ளி ஒன்றை வாசிப்பான் காட்டியது. கடுகளவுதான். அந்த வாரமே அதை எடுத்தாகிவிட்டது. வளைகாப்பில் லோகநாயகிதான் எல்லோருக்கும் முன்னால் நின்று பாடினாள்.

பூங்கோதைக்கு இருப்புக்கொள்ளவில்லை. நெசவுக்கூடத்துக்கு ஓடினாள். அதே ஒலியிழைகளை நைட்டியில் நெய்யச் சொன்னாள். மார்புப் பகுதி மட்டும் உடலோடு படியட்டும். மற்றபடி சாயம் போயிருக்க வேண்டும், மஞ்சள் கறை வேண்டும், ஒரு பக்கம் தையல் விட்டிருந்தால் இன்னும் நல்லது என்றாள். முதல் நைட்டியைத் தன் அளவுக்கே வெட்டி, அணிந்து பார்த்துத் திருத்தினாள். பிறகு ஊருக்கெல்லாம் நெய்து கொடுத்தார்கள். அதை யாரும் பீரோவில் வைக்கவில்லை. படங்கள் விடியவிடிய வந்தன.

அவளே தலைவியானாள். பதவியேற்பு விழாவில் குழுவினர் அந்த முதல் நைட்டியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, மாலை போட்டு, அவள் அறைச் சுவரில் மாட்டினார்கள். பூங்கோதைக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரு மாதம் கழித்து வாசிப்பான் தலைவிக்குச் சேதி அனுப்பியது: எல்லா வீடுகளிலிருந்தும் படங்கள் ஒழுங்காக வருகின்றன, ஒரே ஒரு பெண்ணைத் தவிர. பூங்கோதைக்குக் கோபம் வந்தது. இத்தனை செய்தும் இப்படி ஒருத்தியா? உடனே போய்க் கையோடு அழைத்துவருமாறு ரெஜினாவுக்கு உத்தரவிட்டாள்.

ரெஜினா திரையில் பெயரைப் படித்தாள். எங்கும் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, கண்ணாடிப் பெட்டியின் தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

"தொறக்கட்டுமா டாக்டர், இல்ல வளைகாப்பு வரைக்கும் இருக்கட்டுமா?"