வாய் வரைக்கும் ஒரு பாக்கெட்

குண்டூசி என்று வீட்டில் எல்லாரும் கூப்பிடும் அந்த ஒல்லிப் பையன் சாப்பிட மாட்டேன் என்றால் மாட்டேன்தான். வயது ஏழு, பிடிவாதம் எழுபது! அவன் கேட்பதெல்லாம் சிப்ஸ் பாக்கெட். அதைத் தின்றுவிட்டு வந்தால், தட்டில் வைத்த சோறு அப்படியே இருக்கும்.

"போன தடவைய விட எடை குறைஞ்சிருக்கு. பாக்கெட் தீனிய மொதல்ல நிறுத்துங்க," என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

நிறுத்தினார்கள். குண்டூசி கோபத்தில் டிபன் டப்பாவைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்தான். அவன் கழுத்தைச் சுற்றிச் சட்டைக் காலர் தொளதொளவென்று ஆடியது. அதைப் பார்க்கப் பார்க்க அவன் அக்காவுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் அவள் ஒரு வேலை செய்தாள். அவலையும் வேர்க்கடலையையும் வறுத்து, பொட்டுக்கடலை சேர்த்து, உப்பும் மிளகுத்தூளும் தூவினாள். அவசரத்தில் விரலைச் சுட்டுக்கொண்டாள். பிறகு ஒரு காலி சிப்ஸ் பாக்கெட்டைத் துடைத்து, அதற்குள் எல்லாவற்றையும் போட்டு, டேப்பால் ஒட்டினாள்.

வேலைக்குக் கிளம்பிய அம்மா பார்த்துவிட்டார்.

"அடிப்பாவி! கண்டுபிடிச்சான்னா, அப்புறம் உன் கையால பச்சத்தண்ணி கூட வாங்கிக் குடிக்க மாட்டான்."

"நீ வேற ஏம்மா பயமுறுத்துற!"

குண்டூசி பாக்கெட்டை வாங்கினான். கையில் ஒருமுறை தூக்கிப் பார்த்தான். பைக்குள் வைத்துக்கொண்டான்.

பள்ளியில் அக்காவுக்குப் பாடமே ஏறவில்லை. மற்றப் பையன்கள் முன்னால் பிரித்திருப்பானோ? எல்லாரும் கேலி செய்திருப்பார்களோ? அழுதிருப்பானோ?

மணி அடித்ததும் ஓடினாள். வாசலில் மூன்று பையன்கள் அவனைச் சூழ்ந்துகொண்டு பாக்கெட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் நடுவில் பாய்ந்தாள்.

"டேய், விடுங்கடா அவன!"

"அக்கா, கடைசியில இருக்கிற கடலையக்கூடத் தர மாட்டேங்கிறான்!" என்றான் ஒருவன். "இது எந்தக் கடையில விக்குது?"

குண்டூசி அக்காவை முறைத்தான். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தான். தெருமுனை வந்தது. அவளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"டேய், உன்ன ஏமாத்திட்டேன்டா. அது சிப்ஸ் இல்ல. நான் வறுத்தது."

"காலையிலேயே தெரியும்."

"எப்படிடா?"

"கடை பாக்கெட்ல பாதி காத்துதானே இருக்கும்? நீ வாய் வரைக்கும் திணிச்சு வச்சிருந்த!"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "தெரிஞ்சுமா தூக்கிப் போடல?"

"போடத்தான் நெனச்சேன். உன் விரல்ல கொப்புளம் இருந்துச்சு. சரி, போனாப் போகுதுன்னு ஒரு வாய் தின்னேன்." அவன் தலையைச் சொறிந்தான். "அப்புறம் நிறுத்த முடியல."

"அப்ப நாளைக்கும் வேணுமா?"

"வேணும். ஆனா பாக்கெட் வேணாம். பெரிய டப்பால குடு," என்றான் குண்டூசி. "அந்தத் தடியனுங்க கையும் நுழையணும்ல!"