பத்து நாள் தொடாதீங்க

"செத்த செடியை என் தலையில கட்டிட்டீங்களே!"

மழையில் நனைந்த துப்பட்டாவோடு வண்ண மீன் கடைக்குள் புகுந்தவள், பிளாஸ்டிக் கவரை மேசைமேல் வைத்தாள். உள்ளே மீன்தொட்டிச் செடி ஒன்று வெந்த கீரையாய்க் கிடந்தது.

கடைக்காரன் நிமிர்ந்தான். அப்பப்பா, என்ன கண்கள்... அண்ணனின் மூக்குக்கண்ணாடிக் கடையில் தினமும் இருபது பேருக்குக் கண் பரிசோதிப்பவள் அவள். ஆனாலும் ஒரு நொடி தடுமாறித்தான் போனாள்.

அவன் செடியை உள்ளங்கையில் எடுத்து வேரைப் பார்த்தான்.

"எத்தனை தடவை பிடுங்கினீங்க?"

"அது... தினமும் ஒரு தடவை. வேர் பிடிச்சிருக்கான்னு பார்க்க வேணாமா?"

கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டான். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்த செடியும் போனால் கடையிலிருக்கும் மீன்தொட்டியைத் தூக்கிவிட்டு அலமாரி வைப்பேன் என்று அண்ணன் கெடு வைத்திருக்கிறான். இவனுக்குச் சிரிப்பு!

அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் சிரிப்பு நின்றது. வேறொரு செடியை எடுத்து நீட்டினான்.

"இதை வைங்க. புதுத் தண்ணிக்குப் போனதும் இருக்கிற இலையெல்லாம் கரைஞ்சிடும், பயப்படாதீங்க. லைட் எட்டு மணி நேரம் போதும். பத்து நாள் மட்டும் தொடாதீங்க... முடியுமா?"

"முடியும்! முதல்ல உயிருள்ள செடியாப் பார்த்துக் குடுங்க. கண்ணு தெரியலைன்னா அடுத்த தெருவுல எங்க கடை இருக்கு, வந்து காட்டுங்க. நான் இனிமே இந்தப் படி ஏற மாட்டேன்!"

மூன்றாம் நாளே இலைகள் கரையத் தொடங்கின. அண்ணன் டேப்போடு வந்து இடத்தை அளந்துவிட்டுப் போனான். அவள் கை தண்ணீருக்குள் போகப் பார்க்கும். "முடியுமா?" என்று அவன் கேட்டது ஞாபகம் வரும். வெடுக்கென்று கையை இழுத்துக்கொள்வாள். அவன்மேல் கோபம்தான்... ஆனால் கோபம் இருந்தால் அந்த ஆளை ஒரு நாளைக்கு இத்தனை தடவையா நினைப்பார்கள்?

எட்டாம் நாள் மாலை, ஜோவென்று மழை. கண்ணாடிக் கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு சொட்டச் சொட்ட வந்து நின்றான் அவன்.

"கண்ணைக் காட்டச் சொன்னீங்களே..."

"உட்காருங்க."

சுவரிலிருந்த எழுத்து அட்டையைக் கடைசி வரி வரை கடகடவென்று படித்தான். அவள் விளக்கைப் பிடித்துக் குனிந்து பார்த்தாள். அவன் இமைக்கவே இல்லை. அவள்தான் அவசரமாக விளக்கை அணைத்தாள்.

"ஒரு குறையும் இல்ல. எதுக்கு வந்தீங்க?"

"அன்னிக்கு நாலு பேர் முன்னாடி சிரிச்சிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க. அப்புறம்... உங்களைப் பத்து நாள் பொறுக்கச் சொல்லிட்டு, என்னால எட்டு நாளே தாங்க முடியலை."

"எதைத் தாங்க முடியலை?"

"உங்களைப் பார்க்காம..."

சொல்லிவிட்டு, எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தொட்டிப் பக்கம் திரும்பியவன் சட்டென்று குனிந்தான்.

"இங்க வாங்களேன்!"

இரண்டு தலைகளும் கண்ணாடியை ஒட்டிக் குனிந்தன. மொட்டையாய் நின்ற தண்டின் அடியில், நகத்துணுக்கு அளவில் ஒரு பச்சை.

"புது இலை! அப்போ அடியில வேர் பிடிச்சிருக்கு." அவன் குரல் இறங்கியது. "உங்களுக்கு... பிடிச்சிருக்கா?"

அவள் உள்ளறைப் பக்கம் குரல் கொடுத்தாள்.

"அண்ணா! அலமாரி வேணாம். தொட்டி இங்கதான் இருக்கும்!"

பிறகு அவன் பக்கம் திரும்பினாள்.

"பிடிச்சிருக்கு..." என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "தினமும் வந்து பாருங்க. பிடுங்கிப் பார்க்கத்தான் கூடாது!"