கண்ணாடியில் ஒட்டாத புகை

டுவேன் பெட்ரோஸ்கியின் முடிதிருத்தும் கடைக்குள் வெர்னன் ஹூபர் நுழைந்தபோது அவருடைய தொப்பியில் முட்டை மஞ்சள் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அவரைக் கண்டதும் நாற்காலியில் இருந்த ஆள் பாதி வெட்டிய தலையோடு எழுந்து, கழுத்துத் துணியை உதறிப் போட்டுவிட்டு வெளியே நடந்தார். ஊர் சிரித்தாலும் சிரிக்கட்டும், வெர்னனோடு ஒரே கூரையின் கீழ் இருக்கமாட்டேன் என்கிற அளவுக்கு அந்தப் பென்சில்வேனியா மலையூர் அவரை வெறுத்தது. பேய் வேடமிட்டுக் கொண்டாடும் ஹாலோவீன் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

ஜன்னலோரம் காபியோடு உட்கார்ந்திருந்த எட்னா வாஷ்கோ மட்டும் அசையவில்லை. காப்பீட்டு நிறுவனமொன்றுக்காகக் காலமெல்லாம் பொய்த் தீவிபத்துகளையும் பொய்த் திருட்டுகளையும் துப்பறிந்து ஓய்வுபெற்றவர் அவர். ஊரில் புதிர் என்று ஏதாவது வந்தால் அவரிடம்தான் வரும். அவர் கிளம்பினால் டுவேனும் கிளம்பிவிடுவான். கத்தரியைக் கீழே வைக்க அவனுக்கு ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதான்.

"வீட்டுச் சுவரு பூரா முட்டை அடிச்சிருக்காங்க எட்னா," என்றார் வெர்னன். "வாசக்கதவுல 'நாயைக் கொன்னவன்'னு எழுதிட்டுப் போயிருக்காங்க. செவ்வாக்கிழமை ஊர் மன்றம் கூடுது. இனிமே என் வீட்டுல புகையே விடக்கூடாதுன்னு தடை போடுவாங்களாம். மிருகவதைன்னு வழக்கும் உண்டாம். நான் செஞ்சிருந்தா வாங்கிக்கிறேன். செய்யலையே."

"நாய் எப்படிச் செத்துது?"

"மூச்சு முட்டி. கால்நடை டாக்டரே சொல்லிட்டாரு. ஹாலோவீன் ராத்திரி என் புகை பள்ளத்துல இறங்கித் தன் நாயைக் கொன்னுடுச்சுன்னு கீழ்வீட்டு லொரெட்டா ஊர் பூரா சொல்லுது. ஊரு நம்பிடுச்சு."

வெர்னனின் புகை அந்தப் பக்கத்தில் பேர்போனது. ஹாலோவீன் அன்று அவர் வீட்டு முற்றம் இடுகாடாகிவிடும். முழங்காலுக்கு மேல் எழும்பாத வெள்ளைப் புகை கல்லறைகளைச் சுற்றி ஊர்ந்துகொண்டிருக்கும். கடையில் வாங்கிய புகை மெஷின் சூடாகத்தான் கக்கும். சூடான புகை மேலே போய்க் காற்றில் கலைந்துவிடும். வெர்னன் அதைப் பழைய ஐஸ் பெட்டி ஒன்றுக்குள் குழாய் வைத்துச் செலுத்துவார். குழாயைச் சுற்றி ஐஸ் கட்டி. மறுபக்கம் வெளியே வரும்போது புகை குளிர்ந்து, கனத்து, தரையிலேயே படுத்துவிடும். மெஷினில் ஊற்றும் திரவத்தையும் அவரே கலப்பார். தண்ணீரும் கிளிசரினும், வேறெதுவும் இல்லை.

"எவனோ கொன்னுட்டு என் தலையில கட்டியிருக்கான்," என்றார் வெர்னன். "அவன் யாருன்னு எனக்குத் தெரியணும். என் வீட்டு வாசல்லயே, எல்லார் முன்னாடியும் தெரியணும். கால்ல விழுந்தாலும் விடமாட்டேன்."

எட்னா காபியைக் கீழே வைத்தார். "நான் தோண்ட ஆரம்பிச்சா பாதியில நிறுத்தமாட்டேன் வெர்னன். முழுசும் வேணுமா?"

"முழுசும் வேணும்."

வெர்னனின் முற்றத்தில் தெர்மோகோல் கல்லறைகள் இன்னும் நின்றன. எட்னா ஒன்றின் மேல் விரலை வைத்து எடுத்தார். பிசுக்கென்று ஒட்டியது. வேலிக் கம்பிகளில் மேப்பிள் சருகுகள் பசை தடவியதுபோல் ஒட்டிக்கொண்டிருந்தன. டுவேனும் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைப் பேண்ட்டில் துடைத்தான், துடைத்தும் போகவில்லை.

அங்கிருந்து சரிவில் இறங்கினால் லொரெட்டா மாசனின் வீடு. வாசல் படியில் தொட்டி தொட்டியாக ஜெரேனியம், சிவப்புச் சிவப்பாகப் பூத்திருந்தது. கதவைத் திறந்த லொரெட்டாவின் இரண்டு கை விரல் நுனிகளிலும் கட்டு போட்டிருந்தது.

"அவனுக்காக வந்தீங்களா?" என்றார் லொரெட்டா. "வாங்க, வந்து பாருங்க. பாத்துட்டுப் போய் அவன்கிட்ட சொல்லுங்க, அவன் இந்த ஊரை விட்டுப் போற வரைக்கும் எனக்குத் தூக்கம் வராதுன்னு."

"விரல்ல என்ன?"

"பூசணிக்கா பலகாரம். அடுப்புலேருந்து எடுக்கும்போது தட்டு சுட்டுடுச்சு."

வீட்டின் பக்கவாட்டில், நிலவறைக்கு இறங்கும் சிமெண்டுப் படிகள் இருந்தன. அடியில் ஆள் மட்டத்துக்கும் கீழே ஒரு சின்னக் குழி. மேலே இரும்புக் கதவுகள். பெப்பர் என்ற அந்தக் கிழட்டு பீகிள் நாய் அங்கேதான் படுக்கும். அதற்குக் கண் தெரியாது, வயிற்றில் கட்டி வேறு. எட்னா கீழே இறங்கி, நிலவறை ஜன்னல் கண்ணாடியில் விரலால் ஒரு கோடு இழுத்தார். தூசி பொலபொலவென்று உதிர்ந்தது. நாயின் படுக்கைக்குப் பக்கத்தில் நீலக்கரை போட்ட பீங்கான் தட்டு ஒன்றில் மாட்டிறைச்சித் துண்டு மீதி கிடந்தது. மேலே ஏறி வந்தபின் படியோரத்துப் புல்லை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பச்சைப் புல்லின் நடுவே ஒரு சதுரம் மட்டும் வெளுத்துச் செத்துக் கிடந்தது.

வீட்டுக்குள் லொரெட்டா அவர்களுக்குக் காபி கொடுத்தார். அலமாரியில் அவருடைய கணவர் கிளிஃபின் படம். அதன் முன்னால் வட்ட வட்டமாகப் பித்தளைப் பதக்கங்கள், குடியை விட்டவர்களுக்கு அவர்கள் சங்கம் ஆண்டுதோறும் கொடுப்பவை. எட்னா அவற்றையும் பார்த்தார்.

தெருவுக்கு வந்ததும் கேட்டார். "கிளிஃப் எப்படி இறந்தாரு டுவேன்?"

"போன ஹாலோவீனுக்கு வெர்னன் வீட்டு நடைபாதையில விழுந்தாரு. இடுப்பு எலும்பு போச்சு. படுத்தவரு எந்திரிக்கவே இல்ல, ஜனவரியில போயிட்டாரு. அன்னைக்கு நல்லாக் குடிச்சிருந்தாராம்."

"யாரு சொன்னா?"

"வெர்னன்தான். நம்ம கடையில உக்காந்துதான் சொன்னாரு. அப்புறம் ஊரே சொல்லிச்சு."

எட்னா அடுத்த வாசலைப் பார்த்து நடந்தார். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பது அவருக்குத் தெரியாததல்ல.

அடுத்த வீடு ரஸ் டோபினுடையது. ஹாலோவீன் அலங்காரப் போட்டியில் ஒவ்வொரு ஆண்டும் வெர்னனுக்கு அடுத்த இடம். அந்த வயிற்றெரிச்சலை அவர் மறைத்ததும் இல்லை. அவருடைய புகை வேறு வழி: வாசலில் சூனியக்காரியின் அண்டா, அதில் வெந்நீர், வெந்நீரில் டிரை ஐஸ். புகை குபுகுபுவென்று வழியும்.

"அந்தக் குளிர்ப்பெட்டியில ஹாலோவீனுக்குன்னு ரெண்டு கட்டி வெச்சிருந்தேன்," என்றார் ரஸ். "ராத்திரிக்கு அண்டாவுல போடலாம்னு பாத்தா ஒண்ணுதான் இருக்கு. வாசல்லயே கிடந்த பெட்டி, எவன் வேணா எடுக்கலாம். பசங்க வேலைன்னு விட்டுட்டேன்."

டுவேனுக்குத் தாங்கவில்லை. வெளியே வந்ததும் எட்னாவின் கையைப் பிடித்தான். "இவன்தான் எட்னா. டிரை ஐஸ் கரைஞ்சா கார்பன் டை ஆக்சைடு. காத்தை விடக் கனம். குழியில தேங்கினா நாய் என்ன, யானையே செத்துடும். கட்டி காணாமப் போச்சுங்கிறதெல்லாம் கதை. வெர்னன் மேல இவனுக்கு இல்லாத வஞ்சமா?"

"பாதி சரி," என்றார் எட்னா. "மீதிக்கு ஒரு கேள்வி. வெர்னன் மேல வஞ்சம் உள்ளவன், அடுத்த வீட்டு நாய்க்கு எதுக்குப் பீங்கான் தட்டுல கறி வெக்கணும்?"

ஞாயிறு பிற்பகல், தேவாலயம் விட்ட கையோடு, ஊர்மன்ற உறுப்பினர்கள் மூவரும் தெருக்காரர்களும் வெர்னனின் முற்றத்தில் கூடினார்கள். வெர்னன் வைத்திருந்த ஆப்பிள் சைடரை யாரும் தொடவில்லை. லொரெட்டா கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு வந்து முன்வரிசையில் நின்றார். ரஸ் கையைக் கட்டிக்கொண்டு வேலியோரம் சாய்ந்திருந்தார்.

எட்னா இரண்டு பழைய பெட்டிகளைத் தரையில் வைத்து, ஒவ்வொன்றினுள்ளும் ஒரு ஜன்னல் கண்ணாடியை நிறுத்தினார். ஒன்றினுள் வெர்னனின் புகையை விடச் சொன்னார். மற்றதில் ரஸ்ஸின் டிரை ஐஸ். இரண்டும் ஒரே வெள்ளையாக, ஒரே மந்தமாகப் பெட்டி விளிம்பில் வழிந்தன. புகை அடங்கியதும் டுவேன் கண்ணாடிகளை வெளியே எடுத்து, ஈரத்தை வெயிலில் காயவிட்டான்.

"இப்பத் தொட்டுப் பாருங்க," என்றார் எட்னா.

மன்றத்துப் பெரியவர் தொட்டார். ரஸ்ஸின் கண்ணாடி சுத்தமாக இருந்தது. வெர்னனுடையது பிசுபிசுத்தது.

ஒரு வாரமாக வெளுத்துக் கிடந்த வெர்னனின் முகம் அன்றுதான் சிவந்தது. "அதான், அதான். என் புகை போற இடமெல்லாம் படியும். கல்லறை, வேலி, புல்லு, எங்க தொட்டாலும் கையில எண்ணெய் மாதிரி ஒட்டும். நாய் படுத்த குழியில கண்ணாடி எப்படி இருந்துச்சு, சொல்லுங்க எட்னா."

"தூசிதான் இருந்துச்சு. உலர்ந்த தூசி," என்றார் எட்னா. "நாயைக் கொல்ற அளவுக்கு வெர்னன் புகை அங்க நிறைஞ்சிருந்தா, அந்தத் தூசி பசையா ஆகியிருக்கும். அவர் புகை அந்தக் குழியில இறங்கவே இல்ல. இறங்கினது ரஸ்ஸோட டிரை ஐஸ்."

ரஸ் வேலியை விட்டு நிமிர்ந்தார். "இந்தா, வாயை அடக்கிப் பேசு."

"உன்னோட ஐஸ்னுதான் சொன்னேன், நீன்னு சொல்லல. படியோரத்துல சதுரமாப் புல்லு கருகியிருக்கு. பனி இன்னும் விழல. விழுந்திருந்தா வாசல்ல இருக்கிற ஜெரேனியம் முதல்ல போயிருக்கும். அப்போ அந்தச் சதுரத்தை மட்டும் குளிர்ல கருக்கினது ஒரு டிரை ஐஸ் கட்டி. கொண்டுவந்த ஆளு, இரும்புக் கதவைத் தூக்குறதுக்காகக் கொஞ்ச நேரம் அதைப் புல்லுல வெச்சிருக்காங்க. டிரை ஐஸ் வெறுங்கையில பட்டா நெருப்பு மாதிரி சுடும், கையுறை இல்லாம தூக்கியிருக்காங்க."

கூட்டத்தின் கண்கள் மெல்ல ஒரே பக்கம் திரும்பின.

"அடுப்புத் தட்டு சுட்டா ஒரு கையில, புறங்கையில, மணிக்கட்டுல படும். பத்து விரல் நுனியும் சேர்ந்து வெந்துபோகாது. அப்புறம் நாய்க்குக் கறி வெச்ச தட்டு. முன்பின் தெரியாதவன் விருந்துக்கு எடுக்கிற பீங்கான்ல கடைசிச் சாப்பாடு போடமாட்டான். டாக்டரைக் கேட்டேன். இந்த வாரம் பெப்பருக்கு ஊசி போட்டு முடிச்சுடறதா முன்னமே பேசியிருந்தீங்களாம், லொரெட்டா."

"ஆமா," என்றார் லொரெட்டா. குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. "நான்தான். யாரை வேணா கூப்பிடுங்க, எங்க வேணா கையெழுத்து போடறேன். அந்த நாய்கிட்ட மட்டும் நான் மன்னிப்பு கேக்கணும். வேற ஒருத்தர்கிட்டயும் கேக்கமாட்டேன்."

வெர்னன் அவர் முன்னால் போய் நின்றார். "பெத்த பிள்ளை மாதிரி வளத்த நாயைக் கொன்னு என் மேல போட்டியே, நீயெல்லாம் மனுஷியா? வீட்டுக்குள்ள ஒளிஞ்சு கிடந்தேன்டி ஒரு வாரம். செய்யாததைச் செஞ்சேன்னு ஊரே சொன்னா எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்," என்றார் லொரெட்டா. "ஒரு வருஷமாத் தெரியும்."

டுவேனுக்குக் கிளிஃப் படத்தின் முன்னால் இருந்த அந்தப் பதக்கங்கள் இப்போதுதான் கண்ணில் வந்து நின்றன.

"இப்ப என்னமோ சொன்னியே வெர்னன்," என்றார் லொரெட்டா. "உன் புகை போற இடமெல்லாம் எண்ணெய் மாதிரி படியும்னு. கல்லறை, வேலி, புல்லுன்னு வரிசையாச் சொன்ன. நடைபாதையை விட்டுட்ட."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். வெர்னன் கெடுவதற்கு ஊரையே கூட்டி வைத்தாகிவிட்டது. எட்னாவைத் திரும்பிப் பார்த்தார், காப்பாற்று என்பதுபோல.

"முழுசும் வேணும்னு சொன்னீங்க," என்றார் எட்னா. "போன வருஷம் கலவையில கிளிசரின் எவ்வளவு?"

வேலியோரத்திலிருந்து ரஸ்தான் பதில் சொன்னார். "வழக்கத்தை விட ரெண்டு பங்கு. 'உன் அண்டாவை எடுத்து உள்ள வெச்சுக்கோடா, இந்த வருஷம் ரெண்டு பங்கு போட்டிருக்கேன், கத்தியால வெட்டலாம் என் புகையை'ன்னு என் வீட்டு வாசல்ல வந்து பீத்திக்கிட்டான்."

"கிளிஃப் விழுந்ததுக்கு மறுநாள்," என்றார் எட்னா, "நடைபாதையை என்ன செஞ்சீங்க?"

வெர்னன் நடைபாதையைப் பார்த்தார். "கழுவினேன்," என்றார். "சோப்புத் தண்ணி ஊத்தித் தேச்சுக் கழுவினேன்."

"எதுக்கு?"

"வழுக்குச்சு."

மன்றத்துப் பெரியவர் தொப்பியைக் கழற்றினார். பின்வரிசையில் ஒரு பெண் மூக்கைச் சிந்தினாள். வெர்னனின் பக்கத்தில் நின்றவர்கள் ஓரடி விலகினார்கள்; விலகியது அவர்களுக்கே தெரிந்திருக்காது.

லொரெட்டா கட்டுப்போட்ட கைகளைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். "அவர் குடியை விட்டுப் பதினாலு வருஷம். ஆஸ்பத்திரியில கிடக்கும்போது வந்து பாத்தவங்க எல்லாம் அவர் வாயை மோந்து பாத்தாங்க. சாகிற வரைக்கும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'நான் குடிக்கல லொரெட்டா, நீயாவது நம்பு'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. என்னை ஜெயில்ல போடட்டும். இப்ப நீ சொல்லு. அன்னைக்கு அவர் மேல சாராய வாடை அடிச்சுதா?"

"இல்ல," என்றார் வெர்னன்.

"முழுசாச் சொல்லு."

"கிளிஃப் அன்னைக்குக் குடிச்சிருக்கல."

"பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

வெர்னன் தலையைத் தூக்கி, கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. அப்போதும் லொரெட்டா அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இன்னொரு தடவை," என்றார்.