பனிக்கள்ளி மடலில் கீறல்

கிட்ட வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட. பயமுறுத்துகிற கதைதான். ஆனால் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து விடுவேன்.

செவ்வாய்க் கோளில் விடிந்ததும் வாசல் தெளிக்க முடியாது. மூச்சுச்சட்டை மாட்டாமல் கதவைத் திறந்தால் நாலே நிமிடத்தில் உயிர் போய்விடும். தமயந்தி எட்டு வயது மகள் குயிலிக்கு முதலில் மாட்டிவிட்டாள், பிறகு தனக்கு மாட்டினாள். இருவரும் கண்ணாடிக் கூரைக்கு வெளியே பனிக்கள்ளிப் பாத்திக்குப் போனார்கள்.

அந்த மண்ணில் கூரையில்லாமல் வளர்ந்த முதல் உயிர் அதுதான். உறைகுளிரைத் தாங்கும்படி விதையிலேயே திருத்திய சப்பாத்திக்கள்ளி. நடவு விழாவில் ஊரே வரிசையில் வந்து தொட்டுக் கும்பிட்டுப் போனது. பனிக்காலம் வந்தால் உள்ளிருக்கும் நீரை விட்டுவிட்டு, மடல்கள் சுருங்கித் தரையோடு படுத்துக்கொள்ளும். செத்ததுபோல் இருக்கும்; சாகாது. அதைக் காப்பது தமயந்தியின் வேலை. துணைக்கு ஆறு கால்களுடன் ஓர் எந்திரம், பெயர் தோட்டன்.

அன்று தோட்டன் ஒரு மடலைத் தூக்கிக் காட்டியது. சுருக்கங்களுக்கு நடுவே கறுத்த கீறல்கள். அடுத்த மடலிலும் இருந்தன. பாத்தி முழுக்க இருந்தன.

"நகமாக இருக்கலாம். எனக்குத் தெரிந்த எந்த விலங்கோடும் பொருந்தவில்லை," என்றது.

தமயந்தி குயிலியைப் பார்த்தாள். பயிரைச் சிதைக்கும் உயிர் தென்பட்டால் குடியேற்றத்தை மூடிவிட்டு எல்லாரும் பூமிக்குக் கிளம்ப வேண்டும் என்பது சட்டம். குயிலி இங்கே பிறந்தவள். பூமியின் ஈர்ப்பை அவள் இதயம் ஒரு நாள்கூடத் தாங்காது.

தலைவர் சின்னராசு வந்து பார்த்தார்.

"ஏனம்மிணி, ஏதாச்சும் சத்தங் கேட்டுதா?"

"இல்லீங்க. பூக்கற வரைக்கும் பொறுங்க. மடல் விரிஞ்சாத்தான் பல்லா நகமான்னு தெரியும்."

"அதுக்குள்ள அது உள்ள வந்துட்டா?"

"வந்தா மொதல்ல எங்க ஊட்டுக்குத்தான் வரும். பாத்திக்குப் பக்கத்துல நாங்கதான இருக்கறோம்."

அந்தப் பனிக்காலத்தில் கதவுகளுக்கு இரட்டைத் தாழ் விழுந்தது. அந்த மிருகத்துக்கு மூன்று கால் என்றாள் ஒருத்தி. கண்ணால் பார்த்தேன் என்றே சாதித்தான் ஒருவன். தமயந்தி மகளின் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டு தூங்கினாள்.

வசந்தத்தில் மடல்கள் நீர் குடித்து நிமிர்ந்தன. முதல் மஞ்சள் பூ விரிந்த காலை, ஊரின் எண்பத்துநான்கு பேரும் கடப்பாரையும் தடியுமாகச் சுற்றி நின்றார்கள். சுருக்கம் விரிந்ததில் கீறல்களும் விரிந்திருந்தன. தோட்டன் முதல் மடலை உரக்கப் படித்தது.

"சின்னராசு, மேகலா."

அடுத்ததைப் படித்தது. "இங்கே வந்தேன், முத்துச்சாமி."

சின்னராசு மனைவி மேகலாவை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, கடப்பாரையை மெல்லக் கீழே வைத்தார். நடவு விழாவன்று தமயந்தி பாத்தியின் மறுகோடியில் வேருக்கு மண் அணைத்துக்கொண்டிருக்க, கும்பிட வந்தவர்கள் கையுறை முனையால் ஆளுக்கொரு பெயரைக் கீறியிருக்கிறார்கள். பச்சை மடலில் மயிரிழையாய்க் கிடந்தவை, மடல் சுருங்கியபோதுதான் கறுத்துத் தெரிந்தன. தன் கீறல் சின்னதுதான், இந்தக் கோரமெல்லாம் அந்த மிருகத்தினுடையது என்று ஒவ்வொருவரும் நினைத்து நடுங்கியிருக்கிறார்கள்.

கடைசி மடலில், கோணல் எழுத்தில், குயிலி.

"எல்லாரும் எழுதுனாங்கம்மா."

தோட்டன் பூமிக்கு அனுப்பும் அறிக்கையைத் திறந்தது. "சிதைக்கும் உயிர் உண்டு. எண்ணிக்கை எண்பத்துமூன்று. பூமி இனம். சட்டப்படி குடியேற்றத்தை மூட வேண்டும்."

"அது நாங்கதானப்பா," என்றார் சின்னராசு.

"சட்டத்தில் விலக்கு இல்லை."

தமயந்தி மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். "அந்த உயிரப் பழக்கிப் பாக்கறோம்னு எழுது. ஒரு வருசம் குடு. நான் பொறுப்பு."

தோட்டன் சட்டத்தைப் புரட்டியது; பழக்குவதற்குத் தடை இல்லை. பிறகு அப்படியே எழுதியது. ஊர் பெருமூச்சு விட்டுக் கலைந்தது.

கடைசியாகத் திரும்பிய தமயந்தி தோட்டனின் முதுகுத் தகட்டைப் பார்த்து நின்றுவிட்டாள். காலையில் இல்லாத கீறல் ஒன்று, புத்தம் புதிதாய் மினுங்கியது. பெயரை அவள் படிக்கவில்லை. ஒரு பிடி செம்மண்ணை அள்ளி, தோட்டன் கவனிப்பதற்குள் அதன்மேல் அழுத்தி அழுத்திப் பூசினாள்.

உங்கள் வாசலில் நட்டதெல்லாம் யார் நகமும் படாமல் பூக்கட்டும், கண்ணுகளா. உங்கள் பிள்ளைகள் பிறந்த மண்ணிலேயே நூறு வசந்தம் காணட்டும்.