நாலாவது ஆம்பூல்

ட்ரேயில் நாலு காலி ஆம்பூல், ஊசிமருந்துக் கண்ணாடிக் குப்பி, கிடந்தது. ஆம்புலன்ஸ் நர்ஸ் ஃபெமினா உடைத்தது மூணுதான்.

நல்ல மத்தியான வெயில். காவிரிப் பாலத்தில் நெரிசல். சைரன் தொண்டை கிழியக் கத்தியது, டீசல் வாடையோடு ஸ்பிரிட் வாடை கலந்து குமட்டியது, ஆம்புலன்ஸ் நகரவே இல்லை, அவள் ரெங்கராஜின் நெஞ்சை அமுக்கிக்கொண்டே இருந்தாள். ஸ்ரீரங்கத்தில் ஏற்றும்போதே நின்றுபோயிருந்த இதயம். முன்சீட்டிலிருந்து அவர் மனைவி மணிமேகலை, "எங்க வீட்டுக்காரரக் காப்பாத்திக் குடுத்துரும்மா" என்று அழுதார். நாலு நிமிஷத்துக்கு ஒரு ஆம்பூல் அட்ரினலின், நரம்பு வழியாக. உடைத்த கண்ணாடியை ட்ரேயிலேயே போட்டு வைப்பது வழக்கம். புத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் எண்ணிக் காட்ட வேண்டும்.

நாலாவது மட்டும் ஈரமாக இருந்தது. உள்ளே ஆத்து மணல்.

ஐயோ, அது எதுவென்று அவளுக்கா தெரியாது! போன மாசம் முசிறிப் பக்கம், வாழைத்தோப்பில் கதண்டுக் குளவி கொட்டிய அழகிரி. முகமெல்லாம் வீங்கியும் பேசிக்கொண்டிருந்த மனுஷன். அவருக்கு இதே மருந்தைத் தொடையில் பாதிதான் போட வேண்டும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்களே, அதுதான் நடந்தது. நின்றுபோன இதயத்துக்குப் போடுவதுபோல முழுசையும் நரம்பில் ஏற்றிவிட்டாள். "ஏம்மா, நெஞ்சு படபடங்குதும்மா" என்றார். அவ்வளவுதான், போய்ச் சேர்ந்தார். ஆம்பூலை இதே பாலத்திலிருந்து ஆற்றில் வீசினாள். ரிப்போர்ட்டில் 'தொடையில்' என்று எழுதினாள். யாரும் கேட்கவில்லை.

ஜன்னலைத் தள்ளி அதை மறுபடி வீசினாள். திரும்பினாள். ட்ரேயில் நாலு.

"எத்தனை போட்டிருக்கீங்க? ஆஸ்பத்திரியில கேக்குறாங்க" என்றார் டிரைவர் மீரான், போனைக் காதில் வைத்தபடி.

"மூணு. மூணுதான் அண்ணே."

அப்போது மானிட்டர் துடித்தது. ரெங்கராஜின் கழுத்தில் நாடி! "வந்துடுச்சும்மா! வந்துடுச்சு!" என்று அழுகையும் சிரிப்புமாகக் கத்தினாள் ஃபெமினா. இனி மருந்தே வேண்டாம். துடிக்கிற இதயத்துக்கு இன்னொன்று போட்டால் எமன்தான்.

ரெங்கராஜின் உதடு தடித்தது. இமை வீங்கியது. கன்னம் வீங்கியது. கதண்டு கொட்டிய முகம்.

"ஏம்மா," என்றது அந்த வாய். "நெஞ்சு படபடங்குதும்மா."

கீழே பார்த்தாள். அவர் கையின் ஐ.வி. குழாயில் சிரிஞ்ச் சொருகியிருந்தது. முழுசாக நிரம்பிய சிரிஞ்ச். பிடித்திருந்தது அவள் கை.

விரலை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை.

முன்சீட்டில் மணிமேகலை அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். சிரிஞ்சின் மேல் ஃபெமினாவின் கட்டைவிரல் மெல்ல அமுங்கியது.