மை காயாத அட்டை

ஒன்பதாம் பெட்டியின் அட்டையில் எலித்தடம் இல்லை. ஐந்து விரலோடு ஒரு குழந்தையின் கால் பதிந்திருந்தது.

மீரியமா அதை அந்தி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். எலி நடமாட்டத்தைக் கணக்கெடுக்க மலையில் வைத்த பெட்டி; ஒரு சாண் அகலம்கூட இல்லை. கடலை வெண்ணெய் வாசத்துக்கு எலியோ முள்ளெலியோ நுழைந்து, மையை மிதித்து, அட்டையில் தடம் பதித்து மறுபக்கம் போய்விடும். இந்தத் தடமோ பாதி அட்டையிலேயே நின்றுபோயிருந்தது.

எந்த வாண்டின் குறும்போ என்று அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். இரவெல்லாம் ஆக்லாந்து விமான நிலையத்தில் தரை துடைத்துவிட்டு, பகலில் மலையில் பெட்டி பார்க்கிற உடம்பில் பயப்படவும் தெம்பில்லை. கீழே நெடுஞ்சாலை இரைந்தது. பழைய வள்ளிக்கிழங்குக் குழிகளின் பக்கமிருந்து ரூரு ஆந்தை கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

முன்னோர் புதைந்த மலை அது. இறங்குகிறவர்கள் மலைவாசல் குழாயில் கை நனைத்துத் தலையில் தெளித்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார்கள். அங்குள்ள எதுவும் கூடவே வந்துவிடக்கூடாது. அவள் வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து குழாய் முப்பதடி. பிறந்ததிலிருந்து அவள் ஒருநாளும் தவறவிட்டதில்லை. இன்று அலுப்பில் அதுவரை நடக்கக் கால் வரவில்லை; கை நனைக்காமலே வண்டி ஏறினாள்.

வீட்டு அடுப்படியில் தம்பி ஹேமி மீன் பொரித்துக்கொண்டிருந்தான்.

"கை கழுவினியாக்கா?"

"ஏன், வீட்டுல தண்ணி வராதா? கஹு எங்க?"

"உன்னைக் கேட்டுக் கேட்டு ஓய்ஞ்சுபோய்த் தூங்கிட்டா. நீ அவளுக்கு அம்மாவா, மலைக்கு அம்மாவா?"

சுருக்கென்றது. இரண்டு வயது மகள்; விழித்திருக்கும்போது பார்த்தே மூன்று நாளாகிறது. அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள்.

வெள்ளை அட்டை. ஒரு பொட்டு மை இல்லை.

மீன் வாசத்தையும் மீறிக் கடலை வெண்ணெய் வாசம் வந்தது. திரும்பிப் பார்த்தாள். வாசலிலிருந்து நடைவழி நெடுகக் கறுப்பாய்ச் சின்னச் சின்னக் கால்விரல் தடங்கள்.

"ஹேமி, பாப்பா இறங்கி நடந்தாளா?"

"அவ அப்பவே படுத்தாச்சே."

ஜன்னலுக்கு வெளியே ரூரு கூப்பிட்டது. மிகப் பக்கத்தில்.

கஹுவின் கதவு ஒருக்களித்திருந்தது. தடங்கள் உள்ளே போயிருந்தன. கட்டில் வரை. திரும்பி வரவில்லை.

போர்வை நுனியில் மகளின் பாதங்கள். சுத்தமாக.

அவற்றை ஒட்டி இன்னும் இரண்டு. கறுப்பாக. ஈரமாக.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கறுப்பு விரல்கள் மெல்ல மடங்கி, கதகதப்புக்காகக் கஹுவின் காலோடு ஒண்டிக்கொண்டன.