கைக்கு மட்டும் வேஷம்

படப்பிடிப்பு நடந்த பழைய வீட்டுக்குப் பியானோ டீச்சர் வந்து சேர்ந்தபோது வெளியே சுள்ளென்று வெயில். உள்ளே ராத்திரி. ஜன்னல்களையெல்லாம் கறுப்புத் துணியால் அடைத்திருந்தார்கள். ஈர மரத்தின் வாடையும் விளக்குகளின் கருகல் நெடியும் கலந்து தொண்டையைக் கமறவைத்தன.

அந்த வீட்டிலேயே வாழ்ந்து செத்துப்போன ஒரு பியானோக் கலைஞரைப் பற்றிய படம் அது. கதாநாயகிக்கு வாசிக்கத் தெரியாது. அதனால் முகம் அவளுடையது, கைகள் டீச்சருடையவை.

“கை வந்தாச்சு சார்!” என்று யாரோ கத்தினார்கள்.

உதவி இயக்குநரான தங்கை ஓடி வந்து காதைக் கடித்தாள். “அக்கா, டைரக்டர் காலையிலேர்ந்து எரிஞ்சு விழறார். உன்னைச் சொன்னது நான்தான். ஒரே டேக்ல முடிச்சு என் மானத்தைக் காப்பாத்து.”

“பியானோ யாரோடது?”

“செத்துப்போன அந்தம்மாவோடதுதான். சத்தம் வராது, உள்ள தந்தியைத் தட்டற சுத்தியெல்லாம் கழட்டிட்டோம். ஸ்பீக்கர்ல ஓடறதுக்கேத்த மாதிரி விரலை ஓட்டினா போதும். அந்த மியூசிக் அவங்க கடைசியா எழுதினது, பாதி எழுதறப்பவே போய்ட்டாங்க. மீதியை நம்ம மியூசிக் டைரக்டர் போட்டிருக்கார்.”

டீச்சர் உட்கார்ந்து கட்டைகள்மேல் விரல்களை வைத்தாள்.

வெதுவெதுவென்று இருந்தன.

விளக்குச் சூடாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

இசை ஓடியது. பாதிவரை விரல்கள் வழுக்கிக்கொண்டு போயின. இசையமைப்பாளர் சேர்த்த பகுதி தொடங்கியதுமே ஒரு கட்டை கீழே இறங்கியது.

அவள் அதைத் தொடவில்லை.

“கட்! என்னம்மா, கை நிக்குது?”

“கட்டை தானா இறங்குது சார்.”

“வயசான பெட்டி சார், முட்டி தேஞ்சிருக்கும்” என்றார் லைட்மேன். எல்லோரும் சிரித்தார்கள். தங்கை மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

மறுபடி இசை ஓடியது. அதே இடம் வந்தது. டீச்சர் தான் வாசிக்கவேண்டிய கட்டையை அழுத்தினாள், அது அசையவில்லை. அடியிலிருந்து யாரோ விரலால் தாங்கிப் பிடித்திருப்பது போலிருந்தது. இன்னும் அழுத்தினால் ஒடிவது அவள் விரல்தான். அவள் பிழைப்பே அந்த விரல்களில் இருந்தது.

பக்கத்தில் வேறொரு கட்டை இறங்கியது. பிறகு அதற்கப்பால் ஒன்று.

கைகள் அவற்றின் பின்னால் போயின.

ஸ்பீக்கர் ஒரு பக்கம் போக, விரல்கள் வேறு பக்கம் போயின. டைரக்டர் கத்தினார். ஸ்பீக்கரை நிறுத்தினார்கள். மரக்கட்டைகளின் டொக் டொக் மட்டும் அறையில் கேட்டது.

மைக் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றினார். அவர் முகம் வெளுத்திருந்தது.

“சார்… இதுல பியானோ கேக்குது.”

யாரும் சிரிக்கவில்லை.

“அக்கா, போதும், கையை எடு.”

“முடியலடி.”

“விளையாடாத!”

“முடியலடி… இழுக்குது.”

தங்கை பாய்ந்து அவளது இரண்டு மணிக்கட்டையும் பற்றி இழுத்தாள். இருவரும் தரையில் விழுந்தார்கள்.

கட்டைகள் இன்னும் கொஞ்சம் தாமாக இறங்கி ஏறின. பிறகு நடுவிலேயே நின்றன, யாரோ தலையைத் திருப்பி இவர்களைப் பார்த்ததைப் போல.

டைரக்டர் பேக்கப் சொல்வதற்குள் பாதிப் பேர் வாசலில் இருந்தார்கள்.

பேருந்தில் தங்கை அழுதாள். “வேலை போனா போகட்டும். உன் கை நல்லா இருக்கா?” டீச்சர் விரல்களை மடக்கிக் காட்டினாள். வீங்கியிருந்தன, ஆனால் அவள் சொன்னபடி கேட்டன. தங்கை அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

சாயங்கால வெளிச்சம் இருக்கைகள்மேல் ஓடியது. டீச்சர் மூச்சு விட்டாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள்.

அப்போதுதான் பார்த்தாள். தூங்கும் தங்கையின் விரல்கள் மடியில் இருந்த கைப்பையின்மேல் ஓடிக்கொண்டிருந்தன. வாழ்நாளில் ஒரு பியானோக் கட்டையைக்கூடத் தொட்டிராத விரல்கள். பியானோ பாதியில் வாசித்து நிறுத்திய இடத்துக்கு அடுத்த வரியை வாசித்தன, துளி பிசகாமல்.

டீச்சர் தன் கையை அவற்றின் அடியில் நுழைத்துப் பிடித்துக்கொள்ளப் பார்த்தாள்.

விரல்கள் நிற்கவில்லை. அவள் உள்ளங்கையையே ஒவ்வொன்றாக அழுத்தத் தொடங்கின.